சரசுவின் மேஜை விளக்கும் சிட்-அவுட் சுவிட்சும்

போன திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு டேபிள் லாம்ப் அணைந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினேன்.

முப்பது வருடம் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்தவன் நான். தேர்தல் முடிவு வந்த நாட்களில்கூடக் கை தட்டியதில்லை. தலைப்பு எத்தனை பத்தி அகலம் என்று மட்டும்தான் கேட்பேன். அப்படிப்பட்டவன் ஒரு விளக்கு அணைந்ததற்கா குதிக்க வேண்டும்?

குதிக்கத்தான் வேண்டும். கேளுங்கள்.

சரசு என் சித்தப்பா மகள். கேரள எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். ரவிக்கை தைப்பதில் அவள் கை அப்படி ஒரு கை. எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வழியிலிருந்தும் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கணவர் பழனிச்சாமிக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபாக்டரியில் வேலை. காலையில் போனால் மாலைதான். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டல். பகல் முழுக்க வீட்டில் சரசுவும் மெஷினும் மட்டும்.

சரசுவுக்கு நாலைந்து வருடமாகக் காது மந்தம். கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும். பிரச்சினை எங்கே என்றால், மோட்டார் மெஷின் ஓட ஆரம்பித்ததும் அந்தக் கருவி மோட்டார் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. 'தலைக்குள்ள லாரி போகுது அண்ணா' என்பாள். அதனால் தைக்கும்போது கழற்றிச் சின்ன டப்பாவில் வைத்துவிடுவாள். அதன் பிறகு வாசலில் யானை வந்து நின்றாலும் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன்பு யானை வரவில்லை. ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள்.

பெண்ணுக்கும் உறவுக்காரர்களுக்குமாக ஒரு பை நிறைய ரவிக்கைத் துணி. வீட்டு முன்திண்ணையில், அதாவது சிட்-அவுட்டில், நின்று கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பழனிச்சாமியைப் பார்த்து, "ஊட்டுல ஆளே இல்லீங்களே" என்று சொல்லியிருக்கிறார்கள். துணி அதற்குள் வேறு தையல்கடைக்குப் போய்விட்டது.

சரசு உள்ளேதான் இருந்தாள். அந்தச் சிட்-அவுட் சுவருக்கு அந்தப் பக்கம்.

"நாலு எட்டு அண்ணா" என்றாள் போனில். வீடியோ கால். என் உதட்டைப் பார்த்துப் பேசுவது அவளுக்கு வசதி. "நாலு எட்டு தூரத்துல நின்னு கூப்புட்டுட்டுப் போயிருக்காங்க. அது மொதல் தடவையும் இல்லையாமா. மத்தவங்க சொல்லாம போயிருக்காங்க, இவங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

பழனிச்சாமி உடனே ஒரு முடிவெடுத்தார். கோழிஞ்சாம்பாறையில் இருக்கும் தன் பெரியம்மா ராமாத்தாளைக் கூட்டிவந்து வீட்டில் இருத்துவது. வாசலில் ஆள் வந்தால் அவர் உள்ளே வந்து சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

சரசு கொதித்துவிட்டாள். "என்ற காதுக்கு ஒரு ஆளா? பக்கத்துல ஒருத்தரு சும்மா உக்காந்து என்ற கையையே பாத்துட்டு இருந்தா எனக்கு ஊசி ஓடுமா? அந்த ரூம்பு ஒண்ணுதான் அண்ணா எனக்குன்னு இருக்கறது."

பெரியம்மா ஒரு திங்கட்கிழமை வருவதாக நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் ஏதாவது வழி கண்டுபிடித்தால் சரி. இல்லையென்றால் அந்த ரூமில் இரண்டாவது நாற்காலி.

காலிங் பெல் வைத்து, அதோடு ஒரு ஃபிளாஷ் லைட்டை இணைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சரசு சிரித்தாள். பெல் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அடிப்பதில்லை. ஏனென்றால் கதவு திறந்திருக்கிறது. திறந்து கிடக்கும் வீட்டில் பெல் அடிப்பவர்கள் பாங்கிலிருந்தோ போலீஸிலிருந்தோ வந்தவர்கள்... தெரிந்தவர்கள் கூப்பிடத்தானே செய்வார்கள்?

மெஷினை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடலாமே? போட்டுப் பார்த்திருக்கிறாள். தைக்கிறவளுடைய கண் ஊசியைச் சுற்றி நாலு அங்குலத்தில்தான் இருக்கிறது. அதற்கு வெளியே வாசல் இருந்தால் என்ன, சுவர் இருந்தால் என்ன?

அந்த நாலு அங்குலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் டேபிள் லாம்ப் யோசனை வந்தது. யாருக்கு முதலில் வந்தது என்பதில் எனக்கும் பழனிச்சாமிக்கும் இன்னும் தகராறு. யோசனை இதுதான். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் லாம்ப். அதற்கு சுவிட்ச் ரூமுக்குள் இல்லை, வெளியே சிட்-அவுட்டில். வருகிறவர் சுவிட்சைப் போட்டால் உள்ளே ஊசி முனையில் வெளிச்சம் விழும். சரசு நிமிர்வாள்.

"இது என்னங்க மச்சான் பெரிய வேலை?" என்றார் பழனிச்சாமி. "கம்பெனியில தெனமும் பாக்கறதுதானுங்களே."

ஞாயிற்றுக்கிழமை அவரே இறங்கினார். மெயினை நிறுத்திவிட்டுத்தான் செய்தார், அதைச் சொல்லிவிட வேண்டும். சிட்-அவுட் சுவிட்சிலிருந்து கரண்டு போகிற ஃபேஸ் வயரை எடுத்தார். கரண்டு திரும்பி வருகிற நியூட்ரலுக்கு அவ்வளவு தூரம் போவானேன் என்று, ரூமுக்குள் மெஷினுக்கு இருந்த பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துக்கொண்டார். மெயினைப் போட்டு, வெளியே போய் சுவிட்சைத் தட்டினார்.

லாம்ப் எரியவில்லை. வீட்டில் எரிந்துகொண்டிருந்த மற்றதும் நின்றது. மறுபடி போட்டார். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை, பக்கத்து வீட்டு ரங்கசாமி வேலிக்கு அப்பால் நின்று, "ஏனுங்க மாப்ளே, ஊருக்கே கரண்டு இருக்குது, உங்களுக்கு மட்டும் விரதமுங்களா?" என்று கேட்டார்.

அன்று மாலையே வயர்மேன் செல்லத்துரைக்குப் போன் போயிற்று. சித்திரபுரத்துக்காரர். மலையில் தேயிலை எஸ்டேட் குடும்பம். கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்து பத்து வருடம் ஆகியும் பேச்சு மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. மறுநாள் பழனிச்சாமி வேலை முடிந்து வந்த நேரம் பார்த்து வந்து போர்டைக் கழற்றிப் பார்த்தார்.

"அண்ணன் எந்த கம்பெனியில ஜோலி பாக்குறாவ?"

பழனிச்சாமி சொன்னார்.

"கரண்டு சம்பந்தப்பட்ட கம்பெனி இல்லையே?"

"இல்லீங்க."

"தப்பிச்சுது" என்றார் செல்லத்துரை.

பிறகு விளக்கினார். அந்த வீட்டில் லைட்டுகளுக்கு ஒரு சர்க்யூட், பிளக்குகளுக்கு ஒரு சர்க்யூட். இரண்டுக்கும் தனித்தனியாக இ.எல்.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. சமமில்லை என்றால் எங்கோ கசிகிறது என்று முடிவுகட்டி உடனே நிறுத்திவிடும். பழனிச்சாமி, லைட் சர்க்யூட்டில் போன கரண்டை பிளக் சர்க்யூட் வழியாகத் திரும்பி வரச் செய்துவிட்டார். "ஒரு பஸ்ஸுல ஏறிட்டு இன்னொரு பஸ்ஸு வழியா இறங்கினா கண்டக்டர் சும்மா விடுவானா?"

சரியான வேலையை நான் வீடியோ காலில் பார்த்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. சிட்-அவுட் போர்டும் தையல் ரூமும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சுவரில் ஒரு துளை. சிட்-அவுட் பல்பின் சுவிட்சிலிருந்தே ஃபேஸ், அதே சர்க்யூட்டின் நியூட்ரல், கூடவே எர்த் — மூன்று வயரும் துளை வழியாக உள்ளே.

உள்ளே ஒரு பிளக் பாயிண்ட் வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஃபேன் வயரை இணைக்கச் சீலிங்கில் மாட்டுகிற சீலிங் ரோஸ் ஒன்றைச் சுவரில் மாட்டி, லாம்ப் வயரை அதற்குள்ளேயே முடுக்கிவிட்டார்.

"பிளக் வெச்சா என்ன தம்பி?" என்றாள் சரசு. "டேபிள் லாம்ப்புன்னா நகத்தணும் இல்ல?"

"அக்கா, நீங்க டெய்லர். ஓட்டை கண்ட எடத்துல அயர்ன் பாக்ஸ சொருகுவீங்க. இது லைட்டு போற சன்ன வயர், தாங்காது. வயரு நீளமா விட்டுருக்கேன், மேஜை பூரா நகத்திக்கோங்க."

சரசு அயர்ன் பாக்ஸை அதற்குள் ஒரு பார்வை பார்த்திருந்தாள்.

செலவையும் சுவர் உடைப்பதையும் நினைத்துத் தனி சுவிட்ச் வைக்கவில்லை. ஒரே சுவிட்ச்தான். தட்டினால் வெளியே சிட்-அவுட் பல்பும் உள்ளே டேபிள் லாம்ப்பும் சேர்ந்து எரியும். சேர்ந்து அணையும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

சுவிட்சுக்கு மேலே அட்டை ஒட்டினார்கள். 'டெய்லரை அழைக்க இந்த சுவிட்சைப் போடவும்.' தமிழிலும் மலையாளத்திலும். சிவப்பு மையில். அம்புக்குறியோடு.

ஒரு வாரம் ஆயிற்று. ஒருவர்கூடப் போடவில்லை!

நான் சனிக்கிழமை பாலக்காட்டிலிருந்து பஸ் ஏறினேன். பழைய தொழில் புத்தி. நேரில் பார்க்காமல் நம்புவதில்லை. சிட்-அவுட்டின் ஓரத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் நான் யாரென்று காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு அம்மாள் வந்தார். அட்டையைப் படித்தார். உதடு அசைவதைப் பார்த்தேன், முழுதாகவே படித்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "சரசு... ஏ சரசு..." என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"சுவிட்சைப் போடுங்களேன்" என்றேன்.

"அடுத்தவங்க ஊட்டு சுவிட்சுல நாம எப்படிங்க கை வெக்கறது?"

"அவங்களே எழுதி வைத்திருக்கிறார்களே."

"எழுதுவாங்கதானுங்க" என்றார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை என்ற தொனி.

ரங்கசாமியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் கொஞ்சம் வெளிப்படையான ஆள். "பட்டப்பகல்ல ஒருத்தர் ஊட்டுல பூந்து லைட்டப் போட்டுட்டு நின்னா பாக்கறவங்க என்னங்க நெனப்பாங்க? கரண்டு என்ன ரங்கசாமி ஊட்டு சொத்தான்னு கேக்க மாட்டாங்களா?"

இதுதான் விஷயம். வயரிங் சரி, லாம்ப் சரி, அட்டை சரி. தட்டுவதற்கு விரல் இல்லை. இந்த ஊரில் விவசாயம் செய்து, மாடு வளர்த்து, மோட்டார் ஓடும் நேரத்தைக் கணக்குப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, தேவையில்லாமல் ஒரு சுவிட்சைப் போடுவது கை வராத காரியம். சொந்த வீட்டிலேயே வராது. பிறர் வீட்டில் எப்படி வரும்?

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது பழனிச்சாமி, "நாளைக்குக் காலைல பெரியம்மா வந்துருங்க" என்றார். சரசு தட்டைப் பார்த்துக்கொண்டே, "ரூம்புல நாற்காலி போட்டுக் குடுக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

திங்கட்கிழமை காலை. பழனிச்சாமி வேலைக்குப் போய்விட்டார். சரசு கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைக்க வேண்டியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. டேபிள் லாம்ப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைப் போட வேண்டுமானால் வெளியே போக வேண்டும்.

"இது என்ன கூத்து அண்ணா. ரூம்புக்குள்ள வெளிச்சம் வேணும்னா வாசலுக்குப் போயி சுவிட்சு போடணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். காதுக் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். மெஷின் ஓடியது. நான் அந்த இரண்டாவது நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன்.

கேட் சத்தம் எனக்குக் கேட்டது. பெரியம்மாவாகத்தான் இருக்கும். செருப்பைக் கழற்றுகிற சத்தம். பிறகு குரல் — யாரையும் கூப்பிடும் குரல் அல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல்.

"நட்டநடுப் பகல்ல லைட்டு எரியுது. கேக்க ஆளில்ல."

டக்.

ஊசி முனையில் இருந்த வெளிச்சம் போயிற்று. சரசுவின் கால் பெடலிலிருந்து எழுந்தது. கறுப்புத் துணியைப் பார்த்தாள். லாம்ப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள்.

பெரியம்மா கையில் பையை இன்னும் கீழே வைக்கவில்லை. "எப்படி புள்ள நான் வந்தது தெரிஞ்சுது?" என்றார்.

அப்போதுதான் நான் கை தட்டினேன்.

உங்களுக்குப் புரிகிறதா என்ன நடந்தது என்று? நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாக வைத்திருந்தோம். பிறர் வீட்டு விளக்கைப் போட இந்த ஊரில் யாருக்கும் கை வராது. ஆனால் பகலில் வீணாக எரியும் விளக்கை அணைக்க? அதற்கு அனுமதி வேண்டாம், அட்டை வேண்டாம், அம்புக்குறி வேண்டாம். யார் வீடாக இருந்தாலும் சரி. கை தானாகப் போகும். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே போகும்.

சரசு உள்ளே ஓடி வந்து கருவியைக் காதில் மாட்டிக்கொண்டாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. நேராகப் போய் அட்டையைக் கிழித்தாள். சுவிட்சைப் போட்டாள்.

"ஏம்புள்ள, இப்பத்தானே நிறுத்துனேன்" என்றார் பெரியம்மா.

"ஆமாங்கத்தை. இன்னொருக்கா யாராச்சும் நிறுத்தட்டும்."

அன்று முழுக்க நான் அந்த ரூமை விட்டு நகரவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பால் சொசைட்டி ரசீது கொடுக்க வந்தவர் — அணைத்தார். சரசு எழுந்தாள். துணி வாங்க வந்த அம்மாள், சனிக்கிழமை 'எப்படிங்க கை வெக்கறது' என்று கேட்ட அதே அம்மாள் — அணைத்தார். கேஸ் சிலிண்டர்காரர் தோளில் சிலிண்டரோடு, மற்றக் கையால் அணைத்தார். ரங்கசாமி வேலிக்கு அப்பாலிருந்தே பார்த்திருக்கிறார். அதற்காகவே சுற்றி வந்து அணைத்துவிட்டுப் போகப் பார்த்தார். சரசு வெளியே வந்து நின்றதும் திடுக்கிட்டு, "ஒண்ணுமில்லீங்க, லைட்டு எரிஞ்சுது" என்றார். கூரியர்காரர் ஒருவர் மட்டும் அணைக்கவில்லை. அவருக்கு யார் வீட்டு விளக்கும் ஒரு பொருட்டில்லை. அவர் எப்படியும் போன் செய்துவிட்டுத்தான் வருவார்.

செல்லத்துரைக்குப் போன் செய்து சொன்னேன். மனிதர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு வயர்மேனாகி, "கரண்டு போனாலும் லாம்ப் அணையுமே சார், அக்கா சும்மா சும்மா வாசலுக்கு ஓடுவாவளே?" என்றார்.

நியாயமான கேள்வி. நான் சரசுவிடம் கேட்டேன்.

"கரண்டு போனா மோட்டாரும் நிக்கும் அண்ணா. லாம்ப்பு மட்டும் நின்னா ஆளு" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

செய்தியை இவ்வளவு சுருக்கமாக எழுதத் தெரிந்த ஒரு ரிப்போர்ட்டர் எனக்கு டெஸ்க்கில் கிடைத்ததில்லை.

நான் இதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒருவரை ஒரு காரியம் செய்யவைக்க வேண்டுமானால் நாம் அறிவிப்பு எழுதுகிறோம். சிவப்பு மையில் எழுதுகிறோம், இரண்டு மொழியில் எழுதுகிறோம், தலையங்கமும் எழுதுகிறோம். யாரும் அசைவதில்லை. அவர்களால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஒன்று எது என்று கண்டுபிடித்தால் போதும். மீதியை அவர்கள் கையே பார்த்துக்கொள்ளும்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவரை உடனே திருப்பி அனுப்ப முடியுமா? பழனிச்சாமி கூப்பிட்டு வந்தவர். "ஒரு வாரம் இருக்கட்டும், லைட்டு ஒருக்கா ஏமாத்தினாலும் ஆள் இருக்கணுமில்லீங்க" என்றார் பழனிச்சாமி. அவர் எச்சரிக்கையான மனிதர். ஏற்கெனவே ஒரு தடவை வீட்டையே இருட்டாக்கியவர்.

செவ்வாய்க்கிழமை நான் பாலக்காடு திரும்பிவிட்டேன். புதன்கிழமை சரசுவிடமிருந்து வீடியோ கால். முகமெல்லாம் வியர்வை.

"அண்ணா, இன்னிக்கு இருவது தடவை வாசலுக்குப் போயிட்டு வந்தாச்சு."

"அவ்வளவு வியாபாரமா?"

"வியாபாரமா? அத்தை. தண்ணி குடிக்கப் போறப்ப நிறுத்தறாங்க. தண்ணி குடிச்சுட்டு வர்றப்ப நிறுத்தறாங்க. சொல்லிட்டேன், கெஞ்சிட்டேன். 'தெரியும் கண்ணு, எரிய வேண்டிய லைட்டுதான்'ங்கறாங்க. சொல்லிட்டே கை போகுது."

கருவி போடாத காதுக்காக ஏற்பாடு செய்த ஆளால், அந்தக் காதுக்குக் கிடைத்த ஒரே மணியும் பொய் மணியாகிக்கொண்டிருந்தது. அன்று ஷிஃப்ட் மாறிச் சீக்கிரம் வந்திருந்த பழனிச்சாமி, சிட்-அவுட்டில் உட்கார்ந்து இதை அரை மணி நேரம் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அப்புறம் உள்ளே போய், தையல் ரூமில் போட்டிருந்த இரண்டாவது நாற்காலியைத் தூக்கிவந்து வெளியே வைத்தார்.

பெரியம்மாவுக்கும் வருத்தமில்லை. "அங்க என்ற மாடு வேற கை பட்டா பாலே எறக்காது சாமி, நீங்க கூப்புட்டீங்களேன்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினார்.

வியாழக்கிழமை காலை பழனிச்சாமியே பஸ் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும்போது பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அவரைக் கிட்டே கூப்பிட்டிருக்கிறார். ஏதோ முக்கியமான விஷயம் என்று இவரும் ஓடியிருக்கிறார்.

"ஊட்டுல இருந்து கெளம்பறப்ப லைட்டு எரிஞ்சுட்டே இருந்துச்சு சாமி. போனதும் மொதல்ல அதை நிறுத்து."